லண்டன் டவுன் ஹாலில் ஒரு ஈரானியக் கல்யாணம்: படம் எடுக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

லண்டனில் நம்மவர்களின் மண்டபக் கல்யாணங்களை எடுத்துப் பழகியவர்களுக்கு ஒரு ஈரானிய ஜோடியிடமிருந்து முதல் அழைப்பு வந்தால், அடுத்த போன் எனக்கு வரும். ஐந்நூறு பேர், மணவறை, மேளம், ட்ரோன் என்று பழகிய கைக்கு, “பதினைந்து பேர்தான், டவுன் ஹாலில் அரை மணி நேரம்” என்றதும் எங்கே நிற்பது, எதை எடுப்பது என்ற குழப்பம் வந்துவிடுகிறது. ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் ஓல்ட் மேரிலபோன் டவுன் ஹாலை மனதில் வைத்துப் பேசுகிறேன். செல்சி, இஸ்லிங்டன் டவுன் ஹால்களில் அறையும் வெளிச்சமும் மாறும், சட்டம் ஒன்றுதான்.

பதிவுக் கல்யாணம்தானே அக்கா, கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுவாங்க. இதுக்கு எதுக்கு போட்டோகிராபர்?

கையெழுத்து கடைசியில்தான். அதற்கு முன்னால் இருவரும் சாட்சிகள் முன் நின்று, வாய்விட்டு உறுதிமொழி சொல்ல வேண்டும். மோதிரம் மாற்றுவார்கள், நண்பர் ஒருவர் கவிதை வாசிப்பார், அழுகையும் சிரிப்பும் எல்லாம் உண்டு. அத்தனையும் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதனால்தான் தெரிந்த ஒருவர் கேமராவோடு நிற்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. இப்படிச் சிறியதாகச் செய்யும் ஜோடிகளில் பலருக்குப் பெற்றோர் வருவதற்கு விசா கிடைத்திருக்காது. பெரிய விருந்தை, ஈரானியர்கள் விசா இல்லாமல் போகக்கூடிய இஸ்தான்புல்லிலோ ஆர்மீனியாவின் யெரெவானிலோ பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள். அன்றைக்கு அந்த அறையில் இருக்கும் பத்துப் பதினைந்து பேர்தான் அவர்களுக்கு இந்த ஊரில் குடும்பம். ஷிராஸிலோ இஸ்ஃபஹானிலோ இருக்கும் பாட்டி இந்தக் கல்யாணத்தை உங்கள் படங்களில்தான் பார்க்கப் போகிறார்.

சட்டப்படி அங்கே என்னென்ன நடக்கும்? எந்த நொடியை விடக்கூடாது?

குறைந்தது 28 நாட்களுக்கு முன்பே இருவரும் பதிவு அலுவலகத்துக்கு நேரில் போய், கல்யாணம் செய்யப் போகிறோம் என்று நோட்டீஸ் கொடுத்திருப்பார்கள். விசா நிலையைப் பொறுத்து அந்தக் காத்திருப்பு 70 நாள் வரை நீளலாம். நிறைய ஈரானிய ஜோடிகளுக்கு இப்படித் தள்ளிப்போவதுண்டு. ஆகவே தேதி உறுதியாகும் முன் முழு முன்பணம் கேட்காதீர்கள். அன்றைய தினம், சடங்குக்குக் கொஞ்சம் முன்னால் பதிவாளர் இருவரிடமும் தனித்தனியாகப் பேசி விவரங்களைச் சரிபார்ப்பார். அங்கே நாம் போகக்கூடாது.

பிறகு அறைக்குள். முதலில், இந்தத் திருமணத்துக்குச் சட்டத் தடை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை என்று இருவரும் அறிவிப்பார்கள். அடுத்து, இங்கே கூடியிருப்பவர்கள் சாட்சியாக இவரை என் கணவராக, மனைவியாக ஏற்கிறேன் என்று சொல்வார்கள். சட்டத்தின் கண்ணில் கல்யாணம் நடப்பது இந்த இரண்டாவது வாக்கியத்தில்தான். மோதிரமும் முத்தமும் நம் ஆசைக்கு. அந்த வாக்கியம் சொல்லும்போது பேசுகிறவர் முகத்தை எல்லோரும் எடுப்பார்கள், நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பவரின் முகத்தையும் எடுங்கள். பெரும்பாலும் கண் அங்கேதான் கலங்கும்.

ஒருவருக்கு ஆங்கிலம் புரியாது என்றால் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கூட நிற்பார். அவர் எந்தப் பக்கம் நிற்கப் போகிறார் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் எல்லாப் படத்திலும் மணமக்களுக்கு நடுவே மூன்றாவது தலை ஒன்று இருக்கும்.

கையெழுத்துப் போடும்போது கிட்டப் போய் எடுக்கலாமோ அக்கா?

2021 மே 4 முதல் இங்கிலாந்தில் அந்தப் பழைய பெரிய பதிவேடு கிடையாது. மணமக்களும் இரண்டு சாட்சிகளும் ஒரு படிவத்தில் கையெழுத்திடுவார்கள், அந்த விவரம் பிறகு கணினியில் ஏறும். அதில் தனிப்பட்ட தகவல்கள் இருப்பதால், எழுத்து தெரிகிற அளவுக்கு அருகில் எடுக்கப் பல பதிவாளர்கள் விடமாட்டார்கள். முடிந்தபின் வேறு ஒரு தாளை வைத்து, பேனாவோடு உட்காரச் சொல்லி எடுக்க வைப்பார்கள். அதைச் சட்டென்று முடித்துக்கொள்ளுங்கள். சாட்சிகள் யார் என்பதை மட்டும் குறித்து வையுங்கள். ஊரைவிட்டு வந்தவர்கள் சாட்சியாக யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில் ஒரு கதை இருக்கும். முதல் வருஷம் தங்க இடம் கொடுத்த சிநேகிதியாக இருக்கலாம், கூடப் படித்தவராக இருக்கலாம்.

ஏதோ சொஃப்ரே அக்த்னு சொன்னாங்க. அதை டவுன் ஹாலிலேயே விரிப்பாங்களா?

பெரும்பாலும் இல்லை. சொஃப்ரே அக்த் என்பது கல்யாண விரிப்பு. மணமக்கள் அதன் முன் கண்ணாடியைப் பார்த்து உட்கார்வார்கள். அதை அழகாக அடுக்கவே மணிக்கணக்கில் ஆகும், டவுன் ஹாலில் உங்களுக்கு அரை மணிதான் ஒதுக்குவார்கள். மெழுகுவத்தியும் புகையும் அங்கே ஆகாது. மத சம்பந்தமான விதி ஒன்றும் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆகவே விரிப்பு அவர்கள் ஃப்ளாட்டிலோ, ஏதாவது உணவகத்தின் தனி அறையிலோ இருக்கும். சிலர் காலையில் வீட்டில் அதை முடித்துவிட்டு டவுன் ஹாலுக்கு வருவார்கள், சிலர் இங்கிருந்து திரும்பிப் போய்ச் செய்வார்கள். ஒப்பந்தம் பேசும்போதே இதைக் கேளுங்கள். “டவுன் ஹால் மட்டும் போதும்” என்று சொல்பவர்களிடமும் கேளுங்கள். வீட்டில் விரிப்பு இருக்கிறது என்றால் நான் அங்கேயும் வர முயற்சி செய்வேன். இந்தக் கல்யாணத்தின் நிறமும் வாசனையும் அங்கேதான் இருக்கிறது.

விரிப்பில் என்னென்ன இருக்கும்? எதுவும் தெரியாமல் போய் நின்றால் அசிங்கமாக இருக்காதா?

தெரிந்துகொண்டு போங்கள், கேமராவுக்கும் நல்லது. நடுவில் கண்ணாடி, இரண்டு பக்கமும் மெழுகுவத்தித் தண்டுகள். கண்ணாடிக்கு ஆயினே என்றும் தண்டுகளுக்கு ஷம்தான் என்றும் பெயர். ஒரு தட்டில் கசகசா, அரிசி, உப்பு, கருஞ்சீரகம், தேயிலை, சாம்பிராணி முதலான ஏழு வகைப் பொருட்களை நிறம் நிறமாகக் கோலம் போல் பரப்பியிருப்பார்கள். அலங்கரித்த முட்டை, வாதுமை, அக்ரூட் இருக்கும். மாதுளை அல்லது ஆப்பிள், ரோஜாப் பன்னீர், தங்க நாணயங்கள், கல்கண்டு, நோக்ல் என்கிற சர்க்கரை பூசிய பாதாம், கூம்பாக வார்த்த இரண்டு சர்க்கரைக் கட்டிகள், ஒரு கிண்ணம் தேன். சங்கக் என்கிற நீளமான ரொட்டியின் மேல் குங்குமப்பூவாலோ பட்டைத் தூளாலோ வாழ்த்து எழுதியிருப்பார்கள். பக்கத்தில் பாலாடைக்கட்டியும் கீரைகளும், பின்னால் எல்லோரும் பகிர்ந்து சாப்பிட.

எஸ்ஃபந்த் என்கிற விதையைக் கரித்துண்டில் போட்டு மணமக்கள் தலையைச் சுற்றிப் புகை காட்டுவார்கள், கண் திருஷ்டி படாமல் இருக்க. விதை படபடவென்று வெடிக்கும். அந்தப் புகையை ஜன்னலுக்கு எதிராக நின்று எடுத்தால் வெள்ளி நூல் மாதிரி விழும்.

பொருட்களைத் தனித்தனியாக எடுக்க ஆட்கள் வருவதற்கு முன்னால் போய்விடுங்கள். எதையும் நகர்த்தாதீர்கள். மணமகளின் அக்காவோ சிநேகிதியோ விடிய விடிய உட்கார்ந்து அடுக்கியிருப்பார். அவர் கடைசித் தட்டைச் சரிசெய்யும் கைகளை எடுத்தால், பொருள் படமும் ஆள் படமும் ஒன்றாகக் கிடைக்கும்.

அப்புறம் தேன். ஒருவர் சுண்டுவிரலால் தேனைத் தொட்டு மற்றவர் வாயில் வைக்க வேண்டும். கிண்ணத்திலிருந்து விரல் வருவதற்குள் தேன் நூலாக இழுத்துக்கொண்டு விழும். மணமகள் மற்ற கையை அடியில் ஏந்துவார், வெள்ளை உடை மேல் விழுந்துவிடுமோ என்று பின்னால் யாராவது டிஷ்யூவோடு பாய்வார்கள், மாப்பிள்ளை விரலை லேசாகக் கடித்துவிடுவார், எல்லோரும் சிரிப்பார்கள். இரண்டு நொடி. தேன் கிண்ணத்தை யாராவது கையில் எடுப்பதைப் பார்த்ததும் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து நில்லுங்கள்.

கண்ணாடியில் மணமகள் முகம் தெரியற மாதிரி எடுக்கச் சொல்றாங்க. ஃபோகஸ் நிக்கவே மாட்டேங்குது.

கேமரா கண்ணாடிச் சட்டத்தின் வேலைப்பாட்டைப் பிடித்துக்கொள்கிறது. உங்களுக்கும் கண்ணாடிக்கும் ஒன்றரை மீட்டர், கண்ணாடிக்கும் மணமகளுக்கும் ஒரு மீட்டர் என்றால், ஃபோகஸ் இரண்டரை மீட்டரில் நிற்க வேண்டும். முகம் கண்ணாடிப் பரப்பில் இல்லை, அதற்கு அப்பால் அவ்வளவு தூரத்தில் இருப்பதாகத்தான் லென்ஸுக்குத் தெரியும். ஒற்றைப் புள்ளி ஃபோகஸை பிம்பத்தின் கண்ணில் வையுங்கள். கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி பல கேமராக்களில் பிம்பத்திலும் வேலை செய்யும், ஆனால் நேரில் இருக்கும் முகம் சட்டகத்துக்குள் வந்தால் அதற்குத் தாவிவிடும்.

நேருக்கு நேர் நின்றால் நீங்களே தெரிவீர்கள். மணமக்களின் தோளுக்குப் பின்னால், ஒரு பக்கமாகச் சாய்ந்து நில்லுங்கள். பழைய வழக்கத்தில், முகத்திரையை விலக்கியதும் மாப்பிள்ளை மணமகளின் முகத்தை இந்தக் கண்ணாடியில்தான் முதலில் பார்ப்பார். இன்றைக்குச் சேர்ந்து வாழ்ந்துவிட்டுக் கல்யாணம் செய்பவர்கள்கூட உட்கார்ந்ததும் கண்ணாடியில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அதைச் செய்து காட்டச் சொல்லவே வேண்டாம், தானாக நடக்கும். மெழுகுவத்தி ஏற்றியிருந்தால் வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பாலன்ஸ்) தானியங்கியில் விடாதீர்கள். ஜன்னலின் நீலமும் சுடரின் ஆரஞ்சும் படத்துக்குப் படம் இழுபடும்.

தலைக்கு மேல துணியைப் பிடிச்சு சர்க்கரை தேய்க்கிறாங்களே, அது என்ன? எப்படி எடுக்கிறது?

கல்யாணமான பெண்கள் நான்கு மூலையிலும் ஒரு வெள்ளைத் துணியை மணமக்கள் தலைக்கு மேல் விரித்துப் பிடிப்பார்கள். ஒவ்வொருவராக வந்து அந்தச் சர்க்கரைக் கூம்புகள் இரண்டையும் துணிக்கு மேலே உரசுவார்கள். வாழ்க்கை இனிக்க வேண்டும் என்ற ஆசி. தன் இல்லற நலத்தை அவர்களுக்கும் கொடுப்பதாக எண்ணம். சில வீடுகளில் ஒருத்தி ஊசியும் ஏழு நிற நூலுமாக வந்து துணியில் தையல் போடுவாள், மாமியார் வாயைத் தைக்கிறேன் என்று. மாமியார் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தால் சிரிப்பு இரண்டு மடங்காகும், அந்த நேரம் கேமராவைப் போன் பக்கம் திருப்புங்கள்.

சர்க்கரைத் துகள் தெரிய வேண்டுமென்றால் பின்வெளிச்சமும் இருண்ட பின்னணியும் வேண்டும். ஷட்டர் 1/500க்குக் கீழே போனால் துகள் கோடாகிவிடும். சுவர் வெள்ளையாக இருந்தால் துகளை மறந்துவிட்டு, துணிக்கு அடியில் குனிந்து மணமக்கள் முகத்தை எடுங்கள். துணி வழியாக வரும் வெளிச்சம் ஸ்டுடியோவில்கூடக் கிடைக்காது. ஐந்தாறு பெண்கள்தான் வந்திருக்கிறார்கள் என்றால் நான்கு பேர் துணிக்கே போய்விடுவார்கள். உங்களையும் ஒரு மூலையைப் பிடிக்கச் சொல்வார்கள். கொஞ்ச நேரம் பிடியுங்கள், அப்புறம் பக்கத்தில் நிற்கும் மாப்பிள்ளைத் தோழரிடம் கொடுத்துவிடுங்கள்.

மணமகள் மூணாவது தடவை கேட்டால்தான் சம்மதம் சொல்வாங்களாமே. பதிவாளர் முன்னாடியும் அப்படித்தானா?

விரிப்பின் முன் அப்படித்தான். முதல் முறை கேட்டதும் மணமகள் வாய் திறக்க மாட்டார், கூட்டம் “மணமகள் பூப்பறிக்கப் போயிருக்கிறாள்” என்று கத்தும். இரண்டாம் முறை “பன்னீர் கொண்டுவரப் போயிருக்கிறாள்”. மூன்றாம் முறை, “அப்பா அம்மாவின், பெரியவர்களின் அனுமதியோடு, பலே” என்பார். பலே என்றால் ஆம். அதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு நகை கைமாறுவதும் உண்டு. “பலே” வந்ததும் குலவை எழும், கைதட்டல் அறையை நிறைக்கும். அந்த ஒரு சொல்லுக்கு நீங்கள் மணமகள் முகத்தில் இருங்கள், உடனே திரும்பிக் கூட்டத்தைப் பிடியுங்கள்.

பதிவாளர் முன்னால் இதை விளையாட்டாகச் செய்துபார்ப்பது ஆபத்து. இருவரும் கட்டாயமில்லாமல் சம்மதிக்கிறார்கள் என்று உறுதி செய்வது அவருடைய கடமை. கேட்டதற்குப் பெண் மௌனமாக இருந்தால் அவர் சடங்கை நிறுத்தி, தனியாக அழைத்துப் பேச வேண்டியிருக்கும். ஜோடி இதை டவுன் ஹாலில் செய்ய ஆசைப்பட்டால், முந்தைய வாரமே பதிவாளர் அலுவலகத்திடம் சொல்லி, சட்ட வாசகங்களுக்கு வெளியே தனியாக ஒரு இடம் கேட்கச் சொல்லுங்கள். சிலர் ஒப்புக்கொள்வார்கள்.

குர்ஆன், ஹாஃபிஸ் கவிதை இதெல்லாம் பதிவு அறைக்குள் கொண்டுபோகலாமா?

இதுதான் முன்னால் சொன்ன விதி. இங்கிலாந்தின் 1949ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி பதிவு அலுவலகத்தில் மதச் சடங்கு கூடாது. வேதம் ஓதுவது, பிரார்த்தனை, மதப் பாடல் எல்லாம் அதில் அடங்கும். பாரசீகக் கவிஞர்களான ஹாஃபிஸ், ரூமியின் கவிதைகள் நடுவில் நிற்கின்றன. காதல் கவிதையில் இறைவன் பெயர் போகிற போக்கில் வந்தால் விடலாம், முழுக்க வேண்டுதலாக இருந்தால் விடமாட்டார்கள். எந்தக் கவிதை என்பதை ஆங்கில மொழிபெயர்ப்போடு முன்கூட்டியே அனுப்பி ஒப்புதல் வாங்குவது ஜோடியின் பொறுப்பு. ஆனால் நீங்கள் ஞாபகப்படுத்துங்கள், வாசிக்கப் போகும் நண்பர் கடைசி நிமிடத்தில் நிறுத்தப்பட்டால் அன்றைய முகங்களே மாறிவிடும்.

ஈரானியர்கள் எல்லாரும் முஸ்லிம்தானே, அதற்கேற்ற மாதிரி நடந்துக்கணுமா?

அப்படி நினைத்துக்கொண்டு போகாதீர்கள். பஹாய், ஜொராஸ்ட்ரியர், யூதர், கிறிஸ்தவர், எந்த மதமும் வேண்டாம் என்பவர் எல்லோரும் இருக்கிறார்கள். விரிப்பில் குர்ஆன் இருக்கலாம், ஜொராஸ்ட்ரியர்களின் வேதமான அவெஸ்தா இருக்கலாம், ஹாஃபிஸின் கவிதைத் தொகுப்பான திவானோ, ஷாநாமே என்கிற பாரசீகக் காவியமோ இருக்கலாம். எந்தப் புத்தகம் இருக்கிறதோ அதை மரியாதையாக எடுங்கள். முக்காடு அணிந்த உறவினர் இருந்தால், அவரைத் தொட்டு நிற்க வைக்காதீர்கள், சொல்லி நிற்க வையுங்கள். அவ்வளவுதான்.

அப்பா அம்மா தெஹ்ரானில் இருந்து வீடியோவில் பார்ப்பாங்களாம். ஒரு போனை எப்படி அழகா எடுக்கிறது?

இந்தக் கல்யாணங்களில் நான் மிகவும் மெனக்கெடும் இடம் இது. போனை யாராவது ஒருவர் கையில் பிடித்துக்கொண்டு நின்றால் பெற்றோருக்கு ஆடும் கூரைதான் தெரியும். ஒரு டேப்லெட்டும் சிறிய ஸ்டாண்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். இல்லையென்றால் நீங்களே கொண்டுபோங்கள். முதல் வரிசையில் பெற்றோர் உட்கார்ந்திருக்க வேண்டிய நாற்காலியில், மணமக்கள் கண் மட்டத்துக்கு வருகிற உயரத்தில் வையுங்கள். அப்போது மணமகள் திரும்பிப் பார்க்கும்போது அம்மா இருக்க வேண்டிய இடத்தில் அம்மா இருப்பார். பதிவாளரிடம் முன்பே அனுமதி கேளுங்கள்.

திரை வெளிச்சம் அறையைவிட அதிகமாக இருந்தால் முகம் வெளுத்துப்போகும். திரையின் பிரகாசத்தைக் குறைத்து வையுங்கள். ஷட்டர் அதிகம் வைத்தால் திரையில் கருப்புப் பட்டை விழலாம், 1/50 அல்லது 1/100 பக்கம் இருங்கள். அந்தப் பக்கத்திலும் வெளிச்சம் வேண்டும் என்று முதல்நாளே மணமகளிடம் சொல்லி வையுங்கள். ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள், ஜன்னலுக்கு முதுகு காட்டாதீர்கள் என்று அம்மாவிடம் சொல்லச் சொல்லுங்கள். அங்கேயும் அவர்கள் பட்டுச்சட்டை, கோட் எல்லாம் போட்டுக்கொண்டு, மேசையில் இனிப்பு வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

நேரக் கணக்கில் குழம்பாதீர்கள். ஈரான் நம்மைவிட குளிர்காலத்தில் மூன்றரை மணி நேரம் முன்னால். 2022க்குப் பிறகு அவர்கள் கோடைக்குக் கடிகாரத்தை மாற்றுவதில்லை, இங்கே மாற்றுகிறோம், அதனால் கோடையில் வித்தியாசம் இரண்டரை மணி. உறவினர்கள் பழைய கணக்கில் ஒரு மணி நேரம் தவறி வந்துவிடுவார்கள். சனிக்கிழமை அங்கே பலருக்கு வேலை நாள் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

சடங்கு முடிந்ததும் ஒரு படம் கட்டாயம்: மணமக்கள் டேப்லெட்டை நடுவில் பிடித்து, எல்லோரும் சுற்றி நிற்க, குடும்பப் படம். பெற்றோர் முகம் திரையில் பெரிதாக இருக்கும்போது அழுத்துங்கள், அவர்கள் அங்கிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுப்பார்கள், கை மறைக்கும், இரண்டு மூன்று முறை எடுங்கள்.

அறைக்குள் ஃப்ளாஷ் போடலாமோ? எந்த லென்ஸ்?

ஃப்ளாஷ் வேண்டாம். பல பதிவாளர்கள் விடமாட்டார்கள், விட்டாலும் அவ்வளவு சின்ன அறையில் ஒவ்வொரு மின்னலும் சடங்கைக் குத்தும். மேரிலபோனில் சோஹோ, பிம்லிகோ, மேஃபேர் என்று லண்டன் பகுதிகளின் பெயரில் அறைகள் இருக்கின்றன, சிறிய அறை கிடைத்தால் உங்களுக்குப் பின்னால் நகர இடமே இருக்காது. 35 மிமீ ஒன்று, 85 மிமீ ஒன்று போதும். எஃப் 2 பக்கம், ஐஎஸ்ஓ 3200 வரை தயங்காமல் போங்கள்.

சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டர் ஆசையாக இருக்கும். எல்இடி விளக்கின் கீழ் அது படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விடும். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே 1/100இல் நின்றால் பெரும்பாலும் தப்பிக்கலாம். உள்ளே போனதும் சுவரை ஒரு படம் எடுத்துச் சோதித்துவிடுங்கள். பதிவாளரிடம் போய்ப் பெயரைச் சொல்லி, எங்கே நிற்கலாம் என்று கேளுங்கள். கேட்டவருக்கு நல்ல இடம் கொடுப்பார்கள்.

ஆட்கள் லேட்டா வருவாங்களாமே, உண்மையா?

நம் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் மாதிரிதான். வித்தியாசம், இங்கே முகூர்த்தம் நகராது. அடுத்த ஜோடி வெளியே காத்திருக்கும், தாமதமானால் சடங்கையே ரத்துசெய்யும் உரிமை அலுவலகத்துக்கு உண்டு. அழைப்பில் அரை மணி நேரம் முன்னதாகப் போடச் சொல்லுங்கள். சாட்சிகள் இருவரும் மணமக்களோடு ஒரே காரில் வரட்டும். மற்றவர்கள் தவறினாலும் கல்யாணம் நடக்கும்.

அந்தப் படிக்கட்டில் எல்லாரும் எடுக்கிறாங்களே. அங்கே எப்படி நல்லா எடுக்கிறது?

பெரிய தூண்கள், இரண்டு பக்கமும் கல் சிங்கங்கள், கீழே மேரிலபோன் ரோடு. 1969 மார்ச் 12 அன்று பீட்டில்ஸ் இசைக்குழுவின் பால் மெக்கார்ட்னி லிண்டாவைக் கல்யாணம் செய்தது இந்தக் கட்டிடத்தில்தான். ஈரானியப் பெரியவர்களுக்கும் பீட்டில்ஸ் தெரியும், சொன்னால் சிங்கத்தோடு தனியாக ஒரு படம் கேட்பார்கள். பழுது பார்த்து 2018இல் மறுபடி திறந்தார்கள், முகப்பு சுத்தமாக இருக்கிறது.

வாசல் வடக்குப் பார்த்தது. ஆகவே பெரும்பாலான நேரம் கட்டிட நிழலிலேயே நிற்கலாம், யாரும் கண்ணைச் சுருக்க வேண்டாம். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும், மாலை மூன்றரை மணிக்குச் சடங்கு என்று ஒத்துக்கொண்டால் வெளிப்படம் எதையும் நம்பாதீர்கள். படிக்கட்டில் இன்னொரு ஜோடி நிச்சயம் இருக்கும். சண்டை வேண்டாம், அவர்கள் நகரும்வரை மேலே தூண்களுக்குப் பின்னால் குழுப் படங்களை முடியுங்கள்.

பூ தூவுவதற்கு உண்மையான இதழ்கள் மட்டும். நோக்லையும் நாணயங்களையும் தலையில் தூவும் வழக்கம் உண்டு. படிக்கட்டில் அதை வேண்டாம் என்று அன்பாகச் சொல்லுங்கள். சர்க்கரை உருண்டையில் ஹீல்ஸ் வழுக்கும். விரிப்பின் முன் எத்தனை வேண்டுமானாலும் தூவட்டும்.

அங்கிருந்து பக்கத்தில் எங்கே கூட்டிட்டுப் போகலாம்?

பின்பக்கம் மேரிலபோன் தெருக்களில் இறங்கினாலே செங்கல் வீடுகளும் அமைதியான சந்துகளும் இருக்கின்றன. கறுப்பு டாக்ஸி ஒன்றைப் பிடித்து அதற்குள் எடுப்பது ஜோடிகளுக்குப் பிடிக்கிறது, மழைக்கும் ஒதுங்கலாம். ரீஜென்ட்ஸ் பார்க்கின் குயீன் மேரிஸ் கார்டன்ஸில் ஜூன் மாதம் ரோஜா கொட்டிக்கிடக்கும். பன்னீரும் ரோஜாவும் இல்லாமல் ஈரானியக் கல்யாணம் இல்லை என்பதால் ஆசைப்படுவார்கள். ஆனால் தொழில்முறைப் படப்பிடிப்புக்கு ராயல் பார்க்ஸிடம் முன்னரே அனுமதி எடுத்திருக்க வேண்டும்.

காசு கொடுக்கும்போது, சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போது எப்படி நடந்துக்கிறது? ரொம்ப வற்புறுத்துறாங்க.

அது தாரூஃப், அவர்களின் உபசார முறை. சாப்பிடச் சொல்வார்கள், நீங்கள் வேண்டாம் என்பீர்கள், மறுபடி சொல்வார்கள். இரண்டு மூன்று முறை வந்தால் மனதாரத்தான் சொல்கிறார்கள், உட்கார்ந்து சாப்பிடுங்கள். குங்குமப்பூ சோறும் தஹ்திக் என்கிற அடிச்சோறும் ஆறிப்போக விடாதீர்கள். நீங்களும் விலை சொல்லும்போது “பரவாயில்லை, பார்த்துக்கொள்ளலாம்” என்று ஆரம்பிக்காதீர்கள். அவர்கள் பதிலுக்கு உபசாரம் செய்ய, இரு பக்கமும் எண்ணைச் சொல்லாமலே போகும். தொகை, மணி நேரம், படம் கொடுக்கும் தேதி மூன்றையும் எழுதி அனுப்பிவிடுங்கள். எழுத்தில் இருந்தால் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் உபசாரம் பேசலாம்.

அரை மணி நேரக் கல்யாணத்துக்கு என்ன விலை சொல்றது?

சடங்குக்கு மட்டும் விலை போடாதீர்கள். முன்னால் ஒரு மணி, பின்னால் ஒரு மணி, விரிப்பு, வழிப்பயணம், எடிட்டிங் எல்லாம் சேர்த்து அரை நாள் வேலை. அரை நாள் விலை சொல்லுங்கள்.

நல்ல படம் வந்திருக்கு, இன்ஸ்டாகிராமில் போட்டுக்கலாமா?

எழுத்தில் அனுமதி இல்லாமல் ஒன்றும் போடாதீர்கள். நம் கல்யாணங்களில் இது மரியாதைப் பிரச்சினை. இங்கே பாதுகாப்புப் பிரச்சினையாகவும் ஆகலாம். ஈரானில் முக்காடு கட்டாயச் சட்டம், மது தடை. திறந்த தலையோடு, கையில் ஒயின் கிளாஸோடு நிற்கும் விருந்தாளி அடுத்த மாதம் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போகிறவராக இருக்கலாம். அரசியல் காரணத்தால் முகமே வெளியே தெரியக்கூடாதவர்களும் விருந்தினரில் இருப்பார்கள்.

ஆகவே ஜோடியின் அனுமதி மட்டும் போதாது, படத்தில் இருக்கும் ஒவ்வொருவரையும் பற்றிக் கேளுங்கள். நான் போடுவதென்றால் விரிப்பு, கைகள், மோதிரம், சர்க்கரைத் துணி இவற்றோடு நிறுத்திக்கொள்வேன். வீடியோவில் வந்த பெற்றோரின் முகத்தை ஒருபோதும் போடமாட்டேன். இடம், தேதி, முழுப்பெயர் எழுதுவதும் வேண்டாம். கேலரிக்குக் கடவுச்சொல் வையுங்கள், தேடுபொறியில் வராதபடி மூடுங்கள்.

சடங்கு நேரத்தில் ஈரானில் இன்டர்நெட் போயிட்டா என்ன செய்யறது?

நடக்கக்கூடியதுதான். 2019 நவம்பரில் நாடு முழுக்க ஏறக்குறைய ஒரு வாரம் இணையத்தை அடைத்துவைத்தார்கள். அதன் பிறகும் அடைப்புகள் வந்திருக்கின்றன. அடைப்பு இல்லாத நாளிலும் வேகம் விழும், பல செயலிகள் விபிஎன் இல்லாமல் ஓடாது. எந்தச் செயலி அங்கே வேலை செய்கிறது என்று பெற்றோரைக் கேட்டு முதல்நாளே ஒருமுறை பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றாக இன்னொரு செயலியும் தயாராக இருக்கட்டும்.

இதெல்லாம் இருந்தும் திரை உறைந்தால், பதிவாளர் காத்திருக்க மாட்டார். மேலே சொன்ன ஸ்டாண்டில் அதே டேப்லெட்டை வீடியோ பதிவுக்கு மாற்றிவிடுங்கள், அந்தப் பெற்றோர் நாற்காலியின் கோணத்திலிருந்தே முழுச் சடங்கும் பதிவாகும். சாதாரண சர்வதேச அழைப்பு போகிறதா என்று ஒரு நண்பரை முயற்சி செய்யச் சொல்லுங்கள். இணையம் இல்லாமலும் சில சமயம் தொலைபேசி போகும், குரல் மட்டும் கேட்டால்கூட அந்த உறுதிமொழி வாக்கியம் அவர்கள் காதில் விழும். அன்று மாலையே பத்துப் படங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றும் 300 கேபிக்குள் சுருக்கி ஜோடிக்கு அனுப்புங்கள். இணைப்பு ஐந்து நிமிடம் வந்தாலும் போய்ச் சேரும். பெரிய கோப்புகளை, அடுத்து ஊருக்குப் போகிறவர் கையில் பென் டிரைவில் கொடுத்தனுப்பலாமா என்று கேளுங்கள். அதில் என்னென்ன படங்கள் இருக்கலாம் என்பதை ஜோடியே முடிவு செய்யட்டும், காரணம் முந்தைய பதிலில் சொன்னதுதான்.